மாப்பிள்ளைக்குச் சம்மதமில்லையாம், அப்பா

தோட்டமே 'தலைவரே' என்று கூப்பிட, நாங்கள் இரண்டு பேர் மட்டும் அப்பா என்று கூப்பிட்டவருக்கு,

அம்மா பக்கத்தில் இருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுங்கள். தனியாக இருக்கும்போது படியுங்கள். அம்மாவுக்கு மாப்பிள்ளை மீது கடைசிவரை ஒரு கரிசனம் இருந்தது. 'கை நீட்டுறதத் தவிர அந்தப் பையன்கிட்ட ஒரு கொறையும் இல்ல' என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அந்தக் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தபால் வராது என்பதால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நாலு பேர் ஒட்டுக்கேட்பார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் வளர்ந்த நமக்கு அது புதிதல்ல. தங்கச்சியிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவளை இங்கே சுகந்தி என்கிறேன். நீங்கள் வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும். பாலியல் வல்லுறவுக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம் என்று நம் இலங்கைச் சட்டம் சொல்கிறது. சுகந்தி சட்டப்படி அப்படி ஆளாகவில்லை. ஆகவே அவள் பெயரை நோட்டீஸ் அடித்துக்கூட ஒட்டலாம். எனக்குத்தான் மனம் வரவில்லை.

எப்படி ஆளாகவில்லை என்பதைச் சொல்கிறேன். அதற்கு முதலில் நீங்கள் செய்த இரண்டு காரியங்களைச் சொல்லவேண்டும். இரண்டுமே நல்ல காரியங்கள்.

நம் தோட்டத்தில் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது என்றிருந்த காலத்தில், பதிவுகாரரைக் கோயிலுக்கே கூட்டிவந்து மேசை போட்டவர் நீங்கள். புருஷன் செத்த பிறகு அவன் சம்பளத்தில் பிடித்த சேமலாபப் பணத்தை வாங்கப் போன பெண்களை, 'கல்யாணத்துக்கு என்ன அத்தாட்சி?' என்று கேட்டுக் கந்தோரில் அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். அதைப் பார்த்து உங்களுக்கு வந்த வைராக்கியம் அது. கையெழுத்து விழாமல் கெட்டிமேளம் கிடையாது என்றீர்கள். சுகந்தி கல்யாணத்தில் பதிவுகாரர் வந்த பஸ் பழுதாகி நின்றுவிட, முகூர்த்தத்தையே தள்ளிவைத்தீர்கள். வலப்பனையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பசியில் முனகினார்கள். 'சோறு ஓடிராது. சட்டம்னு ஒன்னு இருக்குல்ல?' என்றீர்கள்.

பிரிப்பதற்கு மட்டும் உங்களுக்கு எந்தக் கந்தோரும் தேவைப்படவில்லை. அதை நம் ஆட்களின் பழைய வழக்கப்படியே செய்தீர்கள். சுகந்தியின் முதுகில் அந்த மாப்பிள்ளை மோகன் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிய வாரம் அது. இரண்டு பக்கத்து ஆட்களையும் மாரியம்மன் கோயில் முன்னால் உட்காரவைத்தீர்கள். தாலியைக் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைக்கச் சொன்னீர்கள். இந்தியாவில் இருந்தபோது நம் முன்னோர் துரும்பைக் கிள்ளித் தீர்த்துவிடுவார்களாம். இங்கே துரும்புக்குப் பதிலாகத் தேயிலை மிலாறு. செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து காய்ந்த குச்சி ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு முனையை அவள் கையிலும் மறு முனையை அவன் கையிலும் கொடுத்து ஒடிக்கச் சொன்னீர்கள். மோகன், 'முடியாது' என்று கையை எடுத்தான். நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். அவன் மூக்கு உடைந்து, ரத்தம் வெற்றிலையில் சொட்டியது. அதன் பிறகு ஒடித்தான்.

'இன்னையோட தீந்துச்சு. இனி இந்தப் புள்ள யாரோ, நீ யாரோ' என்றீர்கள்.

எல்லோருக்கும் திருப்தி. பிளேன்டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். அவன் வலப்பனைக்குப் போனான். சுகந்தி லயத்தில் உங்கள் காம்பராவுக்கே வந்து, மறுநாளே பிரட்டுக்குப் போய்க் கொழுந்து பறிக்கப் பெயர் கொடுத்தாள். தோட்டத்தில் யாருக்கும் அதற்குப் பிறகு சந்தேகம் இல்லை. அவள் மனைவி இல்லை, தீர்த்துவிட்ட பெண். எனக்கும் சந்தேகம் இல்லை. நீதிமன்றத்துக்கு எதிரே போட்டோகொப்பிக் கடை வைத்து, நாள் முழுக்க விவாகரத்து மனுக்களைப் பிரதி எடுத்துக் கொடுக்கிற எனக்கே தோன்றவில்லை.

உங்கள் சாவுக்கு அவன் வந்திருந்தான். தெரியுமா? மருமகன் செய்யவேண்டிய முறையெல்லாம் செய்தான். உங்களுக்குக் கோடித் துணி போர்த்தினான். சாவு வீட்டில் யாரையும் விரட்டக்கூடாது என்று எல்லோரும் பேசாமல் இருந்தோம். அவனும் அதைத்தான் எதிர்பார்த்து வந்திருக்கிறான்.

உங்கள் காரியமெல்லாம் முடிந்து சில வாரங்களில் மறுபடியும் வந்தான். வேலை நாள். சுகந்திக்குக் காய்ச்சல், மலைக்குப் போகவில்லை. லயத்தில் வயதானவர்களும் நாய்களும்தான் இருந்தார்கள். கந்தப்பளை பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் ஒரு பை பேக்கரிப் பணிஸோடு கதவைத் தட்டியிருக்கிறான். மரியாதையாகத்தான் தட்டினான் என்று பக்கத்துக் காம்பரா பாட்டி சாட்சி சொல்கிறார்.

"யாரு?"

"நாந்தான். கதவத் தொற."

"நீ யாரு இங்க வர்றதுக்கு? போயிரு."

"என் பொண்டாட்டிய பாக்க வந்தேன்."

"பொண்டாட்டியா? மிலாறு ஒடிச்சாச்சு. போடா."

வெள்ளைக்காரன் காலத்துப் பலகைக் கதவு அப்பா அது. இரண்டாவது உதையில் கீல் கழன்றது. அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையால் அடித்திருக்கிறான். தாடை உடைந்தது. பற்கள் வாசலில் கிடந்தன. கோழி ஒன்று அதைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. அவள் விழுந்த பிறகும் அடித்தான். 'ஒங்கப்பன் செருப்பால அடிச்சான்ல, இப்ப வரச்சொல்லு' என்று சொல்லிச் சொல்லி அடித்தான். அதற்குப் பிறகு நடந்ததை அவள் பொலிஸில் சொன்னாள், ஆஸ்பத்திரியில் சொன்னாள், சட்டத்தரணியிடம் சொன்னாள். உங்களிடமும் சொல்லவேண்டுமா? 'வேணாம், வேணாம்' என்று அவள் கத்தியது கோடிக் காம்பராவரை கேட்டிருக்கிறது. வாய் உடைந்திருந்தும் சொல் தெளிவாகக் கேட்டதாம்.

முடிந்ததும், டீ போடு என்றிருக்கிறான்.

மதியக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த எதிர் லயத்துப் பாக்கியம் அக்கா, கதவு கிடந்த கோலத்தைப் பார்த்து உள்ளே வந்தபோது, சுகந்தி அடுப்பின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாளாம். ஊத முடியவில்லை. வாயிலிருந்து காற்றுக்குப் பதிலாக ரத்தம்தான் வந்தது. மோகன் பலகையில் உட்கார்ந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தான்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"குடும்ப விசயம் அக்கா. நீங்க போங்க."

பாக்கியம் அக்காவை உங்களுக்குத் தெரியும். பேச்சை வளர்க்கிற ஆள் இல்லை. பாய்ந்து அவன் காதைக் கடித்துவிட்டார். கொஞ்சம் துப்பவும் வேண்டியிருந்ததாம். அவன் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினான். நேராகப் பொலிஸுக்குத்தான் ஓடினான். நாங்கள் சுகந்தியை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுப் புகார் கொடுக்கப் போனபோது, அவனுடைய காது எங்களுக்கு முன்பே பதிவாகியிருந்தது.

பொலிஸில் அந்த அதிகாரி பண்பாகத்தான் நடந்துகொண்டார். நாற்காலி போட்டார். சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். வந்தவன் யார்? கல்யாணம் பதிவாகியிருக்கிறதா? பதிவாகியிருக்கிறது என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அப்படியானால் பிரிந்தது எந்த நீதிமன்றத்தில்? கோயில் முன்னால், எங்கள் அப்பா பிரித்தார் என்றேன். அவர் பேனாவை மூடினார். "கெதர ப்ரஷ்னயக்னே, மிஸ்" என்றார். வீட்டுப் பிரச்சினைதானே என்று அர்த்தம். வீடு உடைந்துதான் பிரச்சினை உள்ளே வந்தது என்று சொன்னேன். தாடைக்கு வழக்குப் போடலாம், கதவுக்கும் போடலாம், மற்றதற்கு வழி இல்லை என்றார்.

ஆகவே சுகந்தியின் தாடைக்கு நீதி கிடைக்கும் அப்பா. பாரதூரமான காயம் என்று போட்டிருக்கிறார்கள். கதவுக்கும் கிடைக்கும், அது தோட்ட நிர்வாகத்தின் சொத்து. தாடைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு பெண் இருந்தாள் என்பதுதான் வழக்கில் வரவில்லை.

நான் நம்பவில்லை. என் கடையில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. தண்டனைச் சட்டக்கோவையைத் தமிழில் எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். குறை சொல்லக்கூடாது. பெண்ணின் சம்மதம் இல்லாவிட்டால் குற்றம். அடித்தோ, மிரட்டியோ, அடைத்துவைத்தோ, உயிருக்குப் பயப்படவைத்தோ வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது. போதையில் இருந்தபோதும் புத்தி தெளிவில்லாதபோதும் வாங்கியது ஆகாது. உடம்பில் காயம் இருந்தாகவேண்டும், எதிர்த்துப் போராடிய அடையாளம் காட்டவேண்டும் என்பதும் கிடையாது. அதைத் தனியாக விளக்கம் போட்டே சொல்லியிருக்கிறார்கள். வாசிக்க வாசிக்க எனக்கு மனம் ஆறியது. எழுதியவர் யாராக இருந்தாலும் வீட்டில் பெண்பிள்ளைகளோடு இருந்தவர் என்று நினைத்தேன்.

இன்னொரு விதியும் இருந்தது. வேறொருவனைத் தன் புருஷன் என்று தவறாக நம்பி ஒரு பெண் சம்மதித்து, தான் அவள் புருஷன் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தால், அதுவும் குற்றம். அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். புருஷனின் வேஷத்தில் வருகிறவனைப் பற்றிக்கூட யோசித்திருக்கிறார்கள். எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இது நடந்ததோ தெரியாது. நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் முன்ஜாக்கிரதையாக ஒரு விதி. எந்த வேஷமும் போடாமல், புருஷனே பட்டப்பகலில் கதவை உடைத்துக்கொண்டு வருவதைப் பற்றி யோசிக்கும்போதுதான் அவர்களுக்கு அசதி தட்டியிருக்கிறது. மனைவியின் சம்மதம் எப்போது கணக்கில் வரும் என்றால், நீதிமன்றம் அவளைப் பிரித்துவைத்திருந்தால் மட்டும். அதுவரை அவள் எத்தனை தடவை வேண்டாம் என்றாலும், சட்டத்தின் காதில் அது அடுப்படிச் சத்தம்.

நீங்கள் பதிவுகாரருக்கு மேசை போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணம் நடந்ததா, இல்லையா என்று நிறுவுவதற்காவது அவர்கள் கொஞ்சம் மூச்சு வாங்கியிருப்பார்கள். இப்போது அந்தச் சிரமமும் இல்லை. மோகனின் சட்டத்தரணி அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை என் கடையில்தான் எடுத்தார். இரண்டு பக்கமும் தெளிவாக விழவேண்டும் என்று சொல்லி எடுத்தார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சுகந்தி சொல்கிறாள்.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்த நாட்களில் அவளால் வாயைத் திறக்க முடியாது. பல்லிடுக்கு வழியாகத்தான் பேச்சு. ஒரு நாள் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, அப்பாக்கு கோர்ட்டு எங்க இருக்குன்னு தெரியாதா?"

"தெரியும்டி. மே தின ஊர்வலம் அந்த வழியாத்தான போகும்."

"அப்ப ஏன் மாரியம்மாகிட்ட கூட்டிட்டுப் போனாரு?"

நீங்கள்தான் சொல்லவேண்டும். ஏன் அப்பா?

உங்களுக்குப் பிறகு ராமையா மாமா தலைவராகியிருக்கிறார். உங்கள் நாற்காலியில்தான் உட்காருகிறார். மோகன் பிணையில் வந்ததும் சமாதானம் பேச வந்தார். கோயில் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். திருவிழா வருகிறதாம், தோட்டத்தில் வழக்கு இருக்கும்போது தேர் இழுத்தால் ஆகாதாம்.

"இங்க பாரு சுகந்தி, ஆம்பளைன்னா கோவம் வரும். அவன் தப்புன்னு ஒத்துக்கிட்டான். பொட்டப்புள்ள காலம் பூரா தனியா இருந்துருவியா?"

"நீங்கதான மாமா அன்னிக்கு மிலாறு கொண்டாந்து குடுத்தது?"

"அது அன்னிக்கு. தலைவர் சொன்னாரு, கொண்டாந்தேன்."

"அப்ப இன்னிக்கு யாரு சொன்னா?"

மாமா என் பக்கம் திரும்பினார். "ரஞ்சனி, நீ படிச்ச புள்ள. நீயாச்சும் சொல்லு. சட்டமே புருஷன்னு சொல்லுதுல்ல?"

பாருங்கள், உங்கள் துணைத் தலைவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சட்டத்தை மேற்கோள் காட்டினார். பாக்கியம் அக்கா வாசலில் நின்றுகொண்டு, "மாமா, காது ரெண்டும் பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். கமிட்டி ஆட்கள் டீயை வேகமாகக் குடித்து முடித்தார்கள்.

எங்கள் சட்டத்தரணி அம்மா நேராகப் பேசுகிறவர். நடந்ததற்குச் சட்டத்தில் பெயர் கிடையாது, ஆனால் அடுத்த தடவை நடந்தால் பெயர் இருக்கும்படி செய்யலாம் என்றார். மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவினைக்கு மனுப் போடவேண்டும். அந்தக் கட்டளை கையில் இருந்தால், அன்றிலிருந்து சுகந்தியின் 'வேண்டாம்' செல்லுபடியாகும். அதுவரை வீட்டு வன்முறைச் சட்டத்தின் கீழ் ஒரு பாதுகாப்புக் கட்டளை வாங்கித் தந்தார். மோகன் வீட்டுக்கு வரக்கூடாது, தொந்தரவு செய்யக்கூடாது. அவனும் அதற்குக் கீழ்ப்படிகிறான். கட்டளை எந்த இடத்தில் முடிகிறதோ அந்த வளைவில் வந்து நிற்கிறான். பெண்கள் மலைக்குப் போகும்போது நிற்கிறான், திரும்பும்போதும் நிற்கிறான். சிகரெட் பிடிப்பதற்குத் தடை இல்லை. கடிபட்ட காதின் மேல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, 'கம்பி எடுத்தாச்சா?' என்று நலம் விசாரிக்கிறான்.

பிரிவினை மனு போன மாதம் விசாரணைக்கு வந்தது. இதை உங்களுக்கு விவரமாகச் சொல்லவேண்டும்.

நீதிபதி நிதானமான மனிதர். இரண்டு பேரையும் பார்த்தார். வழக்கை இழுக்காமல் இணக்கமாக முடிக்க முடியுமா என்று பார்ப்பது அவர்கள் முறை. மோகனைப் பார்த்து, மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்: "பிரிந்துபோக உமக்குச் சம்மதமா?"

இந்த விவகாரம் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கேள்வி யாரிடமாவது கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அவனிடம்.

"எனக்குச் சம்மதமில்லங்க ஐயா" என்றான். கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, அவ்வளவு பணிவாகச் சொன்னான்.

உடனே புரிந்துவிட்டது அப்பா. மொழிபெயர்ப்பாளருக்குப் புரிந்தது, நீதிபதிக்குப் புரிந்தது, எழுதுகிறவருக்கும் புரிந்தது. எதிர்வழக்காளிக்குச் சம்மதமில்லை என்று எழுதிக்கொண்டார்கள். சத்தமாகச் சொன்னாயா என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டதா என்று கேட்கவில்லை. இதற்கு முன் எப்போதாவது சம்மதித்திருக்கிறாயா, அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தாய், ஏன் ஓடவில்லை என்றெல்லாம் கேட்கவில்லை. தாடையைத் தடவிப் பார்க்கவில்லை. இல்லை என்றான், இல்லை என்று ஆகிவிட்டது.

எங்கள் சட்டத்தரணி எழுந்தார். இவர் ஏற்கனவே தோட்டத்தார் முன்னிலையில் பிரிவதற்குச் சம்மதித்து, வழக்கப்படி குச்சியை ஒடித்துக் கொடுத்தவர்தான் என்றார். உங்கள் மிலாறு ஒருவழியாக நீதிமன்றத்துக்குள் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மோகனின் சட்டத்தரணி அதைவிட வேகமாக எழுந்தார். மனுதாரரின் காலஞ்சென்ற தகப்பனார் தோட்டத் தலைவர், செல்வாக்கு உள்ளவர், என் கட்சிக்காரர் ஒருமுறை மறுத்த பிறகு பலர் பார்க்கச் செருப்பால் அடித்தார், ரத்தம் வந்தது, அந்தப் பயத்தில்தான் குச்சியை ஒடித்தார் என்றார். 'பலாத்காரத்தாலும் அச்சத்தாலும் பெற்ற சம்மதம், சம்மதமாகாது' என்று முடித்தார்.

அப்பா, சம்மதத்தைப் பற்றி இவ்வளவு சுத்தமாக ஒருவர் பேசி நான் கேட்டதே இல்லை. கைகொடுக்கவேண்டும் போலிருந்தது. ஒருமுறை இல்லை என்றால் இல்லைதான். அடித்து வாங்கினால் அது சம்மதமில்லை. பயத்தில் அடங்கிப்போனால் அது ஒத்துக்கொண்டதாக ஆகாது. மூக்கில் ஒரு சொட்டு ரத்தம் வந்த ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரே நிமிடத்தில் கிடைத்தது. சபையில் ஒருவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

நீதிபதியும் அநியாயம் செய்யவில்லை. எதிர்வழக்காளி சம்மதிக்காததால் முழு விசாரணை வேண்டும், சாட்சிகளை அழைத்து வாருங்கள் என்று வேறொரு தேதிக்குத் தவணை போட்டார்.

வெளியே படியில் சுகந்தி உட்கார்ந்துவிட்டாள். குளிர் பட்டால் தாடை வலிக்கும். சால்வையை முகத்தோடு சுற்றிக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அவன் சொன்னானே, சம்மதமில்லன்னு. அத நான் அன்னிக்குத் தொண்ட கிழியச் சொன்னேன்."

"ம்."

"நான் சொன்னா ஏன் எடுக்க மாட்டேங்குறாங்க?"

"நீ அவன் பொண்டாட்டிடி."

"அவனும் என் புருஷன்தான? அவன் சொன்னத மட்டும் எடுத்துக்கிட்டாங்க."

அப்போது மோகன் எங்களைக் கடந்து இறங்கினான். நின்றான். "டீ குடிக்கிறீங்களா? வாங்கித் தரவா?" என்றான். நீதிமன்ற வாசலில் நிற்கிற பொலிஸ்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். சமாதானமாகிவிட்டோம் என்று நினைத்திருப்பார். சுகந்தி எழுந்து, அவன் முகத்துக்கு நேராக, கம்பி எடுத்த வாயால் ஒரு சொல் சொன்னாள். அச்சில் வராது. உங்களுக்கு அந்தச் சொல் தெரியும், கூட்டங்களில் முதலாளிமார் சங்கத்தைப் பற்றிச் சொல்வீர்கள். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். கை எழும்பியதையும் பார்த்தேன். பொலிஸ்காரர் இருந்ததால் அந்தக் கை தலையைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கியது. "வீட்டுக்குத்தான வரணும்" என்றான், மெதுவாக.

அன்று சாயங்காலம் பாக்கியம் அக்கா ஒரு சாக்குச் சுருளோடு வந்தார். விரித்தால் கவ்வாத்துக் கத்தி. அவர் வீட்டுக்காரருடையது. பெருவிரல் தடிமன் தேயிலைக் கிளையை ஒரே இழுப்பில் வெட்டுகிற கத்தி, உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

"சாண புடிச்சிருக்கு. வெட்டுனா இழுத்து வெட்டணும், குத்தக்கூடாது. வளஞ்ச கத்தி."

"இது எதுக்கு அக்கா?" என்று நான் கேட்டேன்.

"தேங்கா ஒடைக்க" என்றார்.

சுகந்தி அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். புதிய கதவுக்குத் தாழ்ப்பாள் போடவந்த தச்சர் அதைப் பார்த்துவிட்டு, கீழே ஒரு தாழ்ப்பாள் கூடுதலாகப் போட்டுக்கொடுத்தார்.

நான் அன்றைக்கும் வந்து சட்டக்கோவையைத்தான் பிரித்தேன். தற்காப்பு உரிமை என்று ஒரு பகுதி இருக்கிறது. வல்லுறவு செய்யும் நோக்கத்தோடு பாய்கிறவனைக் கொல்லவும் ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு. நல்ல விதி. ஆனால் பாய்கிறவன் நீதிமன்றம் பிரிக்காத புருஷனாக இருந்தால், அவன் செய்ய வருவது அந்தக் குற்றமே இல்லை. உயிருக்கோ எலும்புக்கோ ஆபத்து என்று அவள் நியாயமாகப் பயப்படும் வகையில் அவன் பாய்ந்தால் மட்டும்தான் அவள் வெட்டலாம். ஆகவே இருட்டில், உடைந்த தாடையோடு, ஒரு பெண் முதலில் யோசிக்கவேண்டும்: இவன் இன்றைக்கு எதற்காக வந்திருக்கிறான்? எலும்புக்கா, மற்றதற்கா? எலும்புக்கு என்றால் கத்தியை எடுக்கலாம். மற்றதற்கு மட்டும் என்றால் எடுத்தவள் கொலைகாரி. இதை எப்படிச் சுகந்திக்கு விளங்கப்படுத்துவது என்று தெரியாமல் புத்தகத்தை மூடினேன். மறுநாள் விளங்கப்படுத்தியும் பார்த்தேன்.

கவனமாகக் கேட்டாள். "அதெல்லாம் அவன்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்க முடியாதுக்கா" என்றாள்.

ஆகவே ஓடிக்கொண்டிருக்கிறேன் அப்பா. சாட்சிகளை ஒவ்வொருவராகப் பிடிக்கிறேன். பாக்கியம் அக்கா வருகிறார். பக்கத்துக் காம்பரா பாட்டி, கைத்தாங்கலாகக் கூட்டிப்போனால் வருகிறேன் என்கிறார். ராமையா மாமாவுக்கு முதுகு வலியாம்; முதுகோடு கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நம் தோட்டத்தில் நீங்கள் தீர்த்துவிட்ட மற்றப் பெண்களையும் தேடிப் போகிறேன். உங்கள் வாக்கை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்கள் இன்னும் எத்தனை பேர்? நீங்கள் பிரித்துவைத்தது செல்லாது என்று அவர்கள் வாசலில் நின்று சொல்வது லேசான வேலை இல்லை. ஒருத்தி அழுதாள். ஒருத்தி, 'செத்தவர இப்படிப் பேசலாமா?' என்று என்னைத் திட்டினாள். திட்டிவிட்டு, மனுப் போடுவது எப்படி என்று கேட்டாள்.

ஒரு வாக்குத் தருகிறேன். சுகந்திக்குப் பிரிவினை நடக்கும். நீதிபதி செய்தால் முத்திரை வைத்த தாளில் நடக்கும். அதற்குள் மோகன் அந்த வளைவைத் தாண்டி வந்தால் சுகந்தியே செய்துவிடுவாள்; அதற்கு அவன் சம்மதத்தை யாரும் கேட்கமாட்டார்கள். தாள் முந்தவேண்டும் என்பதற்குத்தான் என் ஓட்டம் எல்லாம். பிந்திவிட்டால் அவள் கூண்டில் நிற்பாள். அப்போது, ஏன் வெட்டினாய் என்று கேட்பார்கள். அவள் வாயைத் திறக்குமுன் நான் எழுந்து, முன்பு அவள் சொன்னபோது யாரும் எழுதிக்கொள்ளவில்லை ஐயா, இந்தத் தடவையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். என்னை வெளியேற்றினால் வாசலில் நின்று சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்,
சுகந்திக்கு அக்கா,
அந்த ஆளுக்கு எந்த முறையும் இல்லாதவள்,
ரஞ்சனி